சீன வால்வுக்கு இந்தியப் பிறப்பிடச் சான்றிதழ் கேட்கிறார்கள். முதலாளியிடம் எப்படிச் சொல்வது?

கேட்டவர்: கரந்தைக் கணக்கு

தஞ்சாவூரில் அரிசி ஆலைகளுக்கு உதிரிபாகங்கள் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ரப்பர் ரோலர், பெல்ட், பேரிங், சல்லடைத் தகடு, கலர் சார்ட்டருக்கு (நிறம் பார்த்துக் கெட்ட அரிசியைக் காற்றால் ஊதித் தள்ளும் இயந்திரம்) வேண்டிய எஜெக்டர் வால்வு, லென்ஸ் என்று ஆலைக்காரர்கள் கேட்பதெல்லாம் எங்கள் கிடங்கில் கிடைக்கும். பி.காம். முடித்துவிட்டுக் கணக்கெழுதத்தான் சேர்ந்தேன். முதலாளிக்கு இலங்கையில் வாங்குபவர்கள் கிடைத்த பிறகு ஏற்றுமதிக் காகிதங்களும் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. இப்போது 'ஏற்றுமதி இணக்க அலுவலர்' என்று விசிட்டிங் கார்டும் அச்சடித்துக் கொடுத்துவிட்டார். சம்பளம் மட்டும் பழைய கணக்காளர் சம்பளம்தான். அதை வேறொரு நாள் பேசலாம்.

பொலன்னறுவையில் ஆலைகளுக்குச் சாமான் கொடுக்கும் வியாபாரி ஒருவர் பெரிய ஆர்டர் அனுப்பியிருக்கிறார். அங்கே பெரும்போக அறுவடை தொடங்குவதற்குள் சரக்கு போய்ச் சேர வேண்டும். இங்கே சம்பா அறுவடையும் ஏறக்குறைய அதே சமயம் என்பதால் உள்ளூர் ஆலைக்காரர்களும் வாசலில் நிற்கிறார்கள். ஆர்டரில் உள்ள ரோலர்கள் தமிழ்நாட்டிலேயே செய்தவை. பெல்ட்டும் நம் நாட்டுச் சரக்கு. எஜெக்டர் வால்வுகளோ சீனாவிலிருந்து நாங்கள் இறக்குமதி செய்தவை. எல்லாவற்றையும் ஒரே இன்வாய்ஸில் போட்டு, மொத்தத்துக்கும் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் கீழ் ஒரே பிறப்பிடச் சான்றிதழ் வேண்டும் என்கிறார் அவர். வால்வுக்கு அங்கே வரி குறையுமாம்.

முதலாளியின் வாதம் இது: "பெட்டியைப் பிரிக்கிறோம், காற்றழுத்தம் வைத்துச் சோதிக்கிறோம், நம் ஸ்டிக்கரை ஒட்டுகிறோம். வேலை இந்தியாவில்தானே நடக்கிறது?" அத்தோடு, எல்லாச் சாமானையும் சுங்க அட்டவணையில் 8437 90 20, அதாவது அரிசி ஆலை இயந்திர பாகங்கள் என்ற ஒரே எண்ணில் போடச் சொல்கிறார். அரிசி ஆலைக்குத்தானே போகிறது என்பது அவர் நியாயம்.

அவர் கெட்டவர் அல்லர். 2018-இல் கஜா புயல் அடித்த பிறகு எத்தனையோ ஆலைகளுக்குக் கடனாகச் சாமான் கொடுத்துவிட்டு வசூலைப் பற்றி வாய் திறக்காதவர். தவறு என்று தெரிந்து செய்யச் சொல்லவில்லை. தவறே இல்லை என்று நம்புகிறார். ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடப்போவது நான். அவரிடம் எதை எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த வேலையை நம்பி ஒருத்தி பிழைக்க முடியுமா என்பதையும் சொன்னால் நல்லது.

பதில்: பழைய ஜி கார்டு

அம்மா, தூத்துக்குடியில் கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் ஜி கார்டு (சுங்க வேலை பார்க்கத் தேர்வு எழுதி வாங்கும் அட்டை) வைத்து வேலை பார்த்துவிட்டு இப்போது நாகப்பட்டினத்தில் உட்கார்ந்திருப்பவன் நான். உங்கள் முதலாளியின் வாதத்தை நிறையப் பேர் வாயில் கேட்டிருக்கிறேன்.

ஸ்டிக்கர் ஒட்டினால் பிறந்த ஊர் மாறாது. இந்திய–இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1998-இல் கையெழுத்தாகி 2000 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கைக் கொண்டு செய்த பொருளுக்கு இந்தியப் பிறப்பிடம் வேண்டுமானால், அந்த வெளிநாட்டுச் சரக்கின் மதிப்பு எஃப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றும்வரையிலான விலை) 65 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கடைசித் தயாரிப்பு வேலை இங்கே நடந்திருக்க வேண்டும். உள்ளே வந்த சரக்கின் நான்கு இலக்கத் தலைப்பும் (சுங்க எண்ணின் முதல் நான்கு இலக்கம்) வெளியே போகும் பொருளின் தலைப்பும் வேறு வேறாக இருக்க வேண்டும். உங்கள் வால்வு வால்வாக வந்து வால்வாகவே போகிறது. லாபத்தை ஏற்றி முதல் கணக்கைச் சரிக்கட்டினாலும் மற்ற இரண்டும் தேறாது.

சான்றிதழில் 'வாங்குபவர் கேட்டதால் போட்டோம்' என்றொரு கட்டம் கிடையாது. அது ஏற்றுமதி செய்பவர் கொடுக்கும் உறுதிமொழி. இலங்கைச் சுங்கத்துக்குச் சந்தேகம் வந்தால், சான்றிதழ் வழங்கிய அமைப்புக்கே எழுதிக் கேட்பார்கள். கேள்வி திரும்பி உங்கள் கிடங்குக்கு வரும். அங்கே சீன எழுத்து அச்சடித்த அட்டைப்பெட்டி கிடக்கும். வாங்குபவர் அங்கே குறைவாகக் கட்டிய வரியை அவரிடம் வசூலிப்பார்கள், அவர் உங்கள் பாக்கியில் கழித்துக்கொள்வார். நம் நாடு இறக்குமதியில் இதைவிடக் கடுமை காட்டுகிறது. 2020-இல் சுங்கச் சட்டத்தில் 28டிஏ என்ற பிரிவைச் சேர்த்து, அந்த ஆண்டு செப்டம்பர் 21 முதல் பிறப்பிடத்தைச் சரிபார்க்கும் கரோட்டார் விதிகளைக் கொண்டுவந்தார்கள். சான்றிதழ் கையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லி இறக்குமதியாளர் தப்ப முடியாது; பொருள் எப்படி அந்த நாட்டுப் பொருள் ஆனது என்ற விவரத்தையும் வைத்திருக்க வேண்டும், அதுவும் ஐந்து ஆண்டுகள்.

இவ்வளவையும் முதலாளியிடம் ஒப்பிக்காதீர்கள். சட்டம் பேசினால் வியாபாரிக்குக் காது அடைத்துவிடும். காசுக் கணக்கோடு போங்கள்.

முதலில், அந்த வால்வுக்கு இலங்கையில் சாதாரண வரி எவ்வளவு என்று வாங்குபவரை எழுத்தில் கேளுங்கள். சில இயந்திரச் சாமான்களுக்கு வரியே இல்லாமல் இருந்து, சான்றிதழுக்காக வீணாக அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் வரிச் சலுகை இல்லை என்று அவர்கள் ஒதுக்கிய பட்டியலில் பொருள் இருந்தாலும் சான்றிதழால் பயனில்லை.

வரி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது முதலாளியிடம் எடுத்துக் காட்ட வேண்டியது சுங்கச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. இறக்குமதி செய்த பொருளை, பயன்படுத்தாமல், அதே பொருள்தான் என்று அடையாளம் காட்டி, வரி கட்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் திரும்ப ஏற்றுமதி செய்தால், கட்டிய சுங்க வரியில் 98 விழுக்காடு திரும்பக் கிடைக்கும். உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொண்ட ஐ.ஜி.எஸ்.டி.யை (இறக்குமதியில் கட்டிய ஜி.எஸ்.டி.) மட்டும் இதில் மறுபடி கேட்க முடியாது. அந்த 98 விழுக்காட்டில் ஒரு பங்கை வால்வு விலையில் குறைத்துக் கொடுத்தால், வாங்குபவர் சான்றிதழில் எதிர்பார்க்கும் லாபத்தில் கொஞ்சமாவது நேர்வழியில் கிடைத்துவிடும். இதற்கு ஷிப்பிங் பில்லை (ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் கொடுக்கும் படிவம்) ஆரம்பத்திலேயே 74-ஆம் பிரிவுக் கோரிக்கையாகத் தாக்கல் செய்ய வேண்டும், சரக்கைப் பரிசோதிப்பார்கள். எந்த பில் ஆஃப் என்ட்ரியில் (இறக்குமதிப் படிவம்) வந்த எந்த லாட் என்று கிடங்கில் எழுதி வைத்திருந்தால்தான் அடையாளம் காட்ட முடியும். உங்கள் ஸ்டிக்கரை ஒட்டி சீனத் தயாரிப்பாளரின் லாட் எண்ணை மறைத்தீர்களோ, போச்சு. முதலாளி பெருமையாகச் சொல்லும் அந்த ஸ்டிக்கர்தான் இங்கே அவருடைய பணத்தைத் தின்னும்.

ஆகவே இன்வாய்ஸை இரண்டாகப் பிரியுங்கள். ரோலரும் பெல்ட்டும் ஒன்றில், சான்றிதழோடு. வால்வு இன்னொன்றில், 'தயாரிப்பு: சீனா' என்று வெளிப்படையாக. இதைச் சரக்குக் கட்டும் நாளில் சொல்லாமல் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். விலை பேசும்போது இது ஒரு வரி; லாரி வாசலில் நிற்கும்போது அதே வரி சண்டை.

பதில்: மன்னார்குடி வியாபாரி

இதெல்லாம் புத்தகத்துக்குச் சரி. நடப்பில் யார் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள்? காகிதம் போகிறது, பணம் வருகிறது. எனக்குத் தெரிந்தவர்கள் அவசரமென்றால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை போகும் கப்பலில் தெரிந்த ஆள் கையில் பெல்ட்டைக் கொடுத்துவிடுகிறார்கள். இப்படிப் பயமுறுத்தினால் சின்ன வியாபாரி ஏற்றுமதிப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டான். எல்லாவற்றுக்கும் விதி பார்க்கும் பெரிய கம்பெனிகளுக்குத்தான் இது வசதி.

பதில்: பழைய ஜி கார்டு

கடைசி வாக்கியத்தை ஒப்புக்கொள்கிறேன். பெரிய கம்பெனிக்கு இதற்கென்று ஒரு மாடி இருக்கிறது, கரந்தைக் கணக்குக்கு ஒரு மேசைதான்.

மற்றதைச் சொல்கிறேன். பெட்டியைத் திறப்பது குறைந்துவிட்டது உண்மை. அதற்குப் பதிலாகப் பிற்பாடு தணிக்கை வருகிறது. இறக்குமதியில் குறைவாகக் கட்டிய வரியைக் கேட்கச் சுங்கத்துக்குச் சாதாரணமாக இரண்டு ஆண்டு அவகாசம். வேண்டுமென்றே பொய் சொன்னதாகவோ மறைத்ததாகவோ தெரிந்தால் ஐந்து ஆண்டு. தெரிந்தே பொய்யான ஆவணம் கொடுத்தவருக்குச் சுங்கச் சட்டத்தின் 114ஏஏ பிரிவில் சரக்கின் மதிப்பைப் போல் ஐந்து மடங்கு வரை அபராதம் போடலாம். அங்கே முதலாளி, குமாஸ்தா என்ற பேதம் கிடையாது. கையெழுத்துப் போட்டவரையும் கேட்கும்.

கப்பலில் பயணியின் பை பயணியின் சொந்தச் சாமானுக்கு. விற்ற சரக்கு ஷிப்பிங் பில் இல்லாமல் போனால், பணம் வரும்போது 'இது எந்த ஏற்றுமதிக்கு வந்த பணம்?' என்று வங்கி கேட்குமே, அதற்கு உங்கள் ஆள் என்ன சொல்வார்?

பதில்: உறையூர் வாசகி

திருச்சியில் தொழிற்சாலைச் சாமான்கள் விநியோகிக்கும் நிறுவனம் ஒன்றில் இதே வேலையில் இருக்கிறேன். ஜி கார்டு ஐயா பிறப்பிடத்தை முடித்துவிட்டார். எண் விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பிறப்பிடக் கணக்கே எண்ணில்தான் நிற்கிறது.

'அரிசி ஆலைக்குப் போகிறது, ஆகவே அரிசி ஆலை பாகம்' என்பது கேட்க நியாயமாக இருக்கும். சுங்க அட்டவணை அப்படிப் பார்ப்பதில்லை. 84, 85 அத்தியாயங்கள் அடங்கிய பதினாறாம் பிரிவின் தொடக்கத்தில் உள்ள குறிப்புகளைப் படியுங்கள். அட்டவணை எண்களைவிட அவைதான் முக்கியம். கெட்டிப்படுத்தாத வல்கனைஸ் ரப்பரில் செய்த பெல்ட்டும் இயந்திரங்களுக்கான பிற ரப்பர் சாமான்களும் அந்தப் பிரிவுக்குள்ளேயே வராது என்று முதல் குறிப்பு சொல்கிறது. ஆகவே பெல்ட் 4010. பாகமாகவே இருந்தாலும் தனக்கென்று ஒரு தலைப்பு உள்ள பொருள் அந்தத் தலைப்புக்கே போக வேண்டும் என்கிறது இரண்டாம் குறிப்பு. பேரிங் 8482, வால்வு 8481, மோட்டார் 8501. லென்ஸ் அந்தப் பிரிவிலேயே இல்லை, 90-ஆம் அத்தியாயம். அரிசி ஆலைக்கென்றே வடித்து வேறெதற்கும் உதவாத சல்லடைத் தகடு போன்றவைதான் 8437 90 20-இல் தங்கும்.

ரோலரில் வாதம் உண்டு. உலோக உருளையின்மேல் ரப்பர் ஒட்டியது. ரப்பர்ப் பொருளா, இயந்திர பாகமா? உங்கள் முதலாளி அதிகம் விற்பது அதுதான் என்றால் ஊகத்தில் விடாதீர்கள். சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் முன்கூட்டியே எழுத்துத் தீர்ப்பு வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. சின்ன அளவென்றால் உங்கள் சுங்கத் தரகரிடம் காரணத்தோடு எழுதி வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஏற்றுமதிப் பொருளில் ஏறிய வரிகளைத் திருப்பித் தரும் ரோடெப் சலுகையின் விகிதமும் எட்டு இலக்க எண்ணை வைத்துத்தான் வருகிறது. தப்பான எண்ணில் வாங்கிய சலுகையைப் பிறகு வட்டியோடு கேட்பார்கள்.

பிழைக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், ஆனால் விசிட்டிங் கார்டால் அல்ல. சம்பளத்துக்கு முன்னால் இன்னொன்றைக் கேளுங்கள்: காகிதம் சரியில்லை என்றால் சரக்கை நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு என்று முதலாளியின் கையெழுத்தோடு ஒரு தாள். அது இல்லாமல் இந்தப் பதவி பழி ஏற்பதற்கு ஒரு ஆள் என்பதற்குமேல் ஒன்றுமில்லை. வெளியே போக நினைத்தால் சுங்கத் தரகர் தேர்வுகள் இருக்கின்றன, இந்திய வெளிநாட்டு வர்த்தக நிறுவனத்தின் படிப்புகள் இருக்கின்றன. நேர்காணலில் நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: ஒரு பொருளுக்கு ஏன் இந்த எண் போட்டாய், சொல். பதினாறாம் பிரிவின் குறிப்பைச் சொல்லத் தொடங்குபவர் வேலையில் சேர்ந்துவிடுகிறார்.

கரந்தைக் கணக்கு

எல்லோருக்கும் நன்றி. 98 விழுக்காடு என்றதும் முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார், "எந்தப் படிவம்?" என்றார். வாதம் அத்தோடு முடிந்தது. ஸ்டிக்கர் ஒட்டுவதையும் நிறுத்திவிட்டோம்.

உறையூர் அக்கா, இன்னொன்று. வேதாரண்யம் பக்கத்து இறால் பண்ணைகளுக்கு நாங்கள் பம்பும் விற்கிறோம். வளைகுடாவில் சுதந்திர வர்த்தக மண்டலம் ஒன்றிலிருந்து ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். உள்பக்கம் முழுக்க ஃப்ளோரோபாலிமர் பூசிய, சீல் இல்லாத காந்த பம்ப் வேண்டுமாம். விலையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எதற்கு என்று கேட்டால் 'தண்ணீர்' என்கிறார்.

பதில்: உறையூர் வாசகி

தங்கையே, தண்ணீருக்கு யாரும் அந்த விலையில் பம்ப் வாங்கமாட்டார்கள். அமிலம் தின்னாத பம்ப் அது.

ஸ்கோமெட் பட்டியலை (ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய, ஏற்றுமதிக் கட்டுப்பாடு உள்ள பொருள்களின் பட்டியல்) திறந்து மூன்றாம் வகையில் இரசாயனங்களைக் கையாளும் கருவிகளைப் பாருங்கள். இரசாயனம் படும் பரப்பு முழுவதும் ஃப்ளோரோபாலிமர் போன்ற பொருளால் ஆன சீல் இல்லாத பம்ப், மணிக்கு 0.6 கன மீட்டருக்குமேல் தள்ளக்கூடியது என்றால் கட்டுப்பாட்டில் வரும். அதாவது 600 லிட்டர். உங்கள் கிடங்கின் மிகச் சிறிய பம்ப்பே அதைத் தாண்டிவிடும். இரசாயன ஆயுதம் செய்பவர்களுக்கும் இதே பம்ப்தான் வேண்டும் என்பதால் ஆஸ்திரேலியா குழு என்ற நாடுகளின் கூட்டமைப்பு இப்படி வரையறுத்தது. இந்தியா 2018 ஜனவரியில் அதில் சேர்ந்தது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி இல்லாமல் அனுப்பக்கூடாது. அனுமதி கேட்டால் கடைசியாகப் பயன்படுத்துபவரின் சான்று கேட்பார்கள். பட்டியலில் இல்லாத பொருள் என்றாலும், பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தால் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

இறுதிப் பயனர் யார், எந்த ஆலையில் பொருத்தப்போகிறார்கள், என்ன திரவம் என்று மூன்று கேள்வி அனுப்புங்கள். நேர்மையான ஆள் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டுப் பதில் அனுப்புவார். அவர் பெயரையும் நிறுவனப் பெயரையும் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் தடைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அது நம்மைக் கட்டுப்படுத்தும். அமெரிக்கக் கருவூலத்தின் ஓஃபாக் தடைப் பட்டியல் நம் சட்டமல்ல; ஆனால் டாலரில் பணம் வாங்கினால் அது அமெரிக்க வங்கி வழியாகத்தான் வரும், அங்கே நின்றுவிடும். பட்டியலில் உள்ளவர்கள் 50 விழுக்காடோ அதற்குமேலோ பங்கு வைத்திருக்கும் நிறுவனமும் பட்டியலில் இருப்பதாகவே அவர்கள் கணக்கு. பெயர் ஒத்துப்போனால் உடனே பதற வேண்டாம். நம் பக்கத்துப் பெயர்களையும் வளைகுடாப் பெயர்களையும் ஆளுக்கொரு விதமாக ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். பதிவு எண், பிறந்த தேதி, முகவரி எல்லாம் பார்த்துவிட்டு முடிவை எழுதித் தேதியிட்டு வையுங்கள்.

பதில்: சுவாமிமலைப் பட்டறை

உங்கள் கூட்டத்தில் நானும் சேரலாமா? நாங்கள் வெண்கலச் சிலை வார்க்கிறவர்கள். உங்களை 'இது இந்த ஊரில் பிறந்ததா?' என்று கேட்கிறார்கள், எங்களை 'இது எப்போது பிறந்தது?' என்று கேட்கிறார்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த சிலை நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. ஆகவே போன மாதம் உலையிலிருந்து எடுத்த நடராஜருக்கும் 'இது தொல்பொருள் அல்ல' என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்குகிறோம். வாங்குபவர் பழையது போலத் தோன்ற வேண்டும் என்று பச்சை நிறம் ஏற்றச் சொல்வார். அதை ஏற்றிவிட்டு, புதியதுதான் என்று நிரூபிக்க நாங்கள் படும் பாடு பெரும்பாடு.

நான் சொல்ல வந்தது பேக்கிங். யாரும் அதைத் தொடவில்லை. நம் ஊரில் கனமான சாமானுக்கு நடுவில் வைக்கோல் திணிப்பது பரம்பரைப் பழக்கம். கட்டுகிறவர்களுக்குக் கை தானாக அங்கேதான் போகும். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பும் பேக்கிங் உறுதிமொழியில் வைக்கோல், பதர் இல்லை என்று தனியாகக் கேட்கிறார்கள். மரப்பெட்டி என்றால் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாமல் பதப்படுத்தியதற்கான சர்வதேச முத்திரை) வேண்டும்: வெப்ப முறை என்றால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 பாகை வெப்பம் 30 நிமிடம் ஏறியிருக்க வேண்டும். லாரி பட்டறையில் சும்மா கிடந்த பலகையில் பெட்டி அடித்து அனுப்பினால், உள்ளே இருப்பது எவ்வளவு சுத்தமான காகிதத்தோடு போனாலும் பெட்டி துறைமுகத்தில் நிற்கும். உங்கள் ரோலர் கனம். நிச்சயம் யாரோ வைக்கோல் வைப்பார்கள். கட்டும்போது போய் நின்று பாருங்கள்.

கரந்தைக் கணக்கு

போய்ப் பார்த்தேன். வைத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்துவிட்டு அட்டையும் நுரைத் தகடும் போடச் சொன்னேன். மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பம்ப் கேட்டவருக்கு மூன்று கேள்வியும் அனுப்பியாகிவிட்டது, பதில் இல்லை. பொலன்னறுவைக்காரர் இரண்டு இன்வாய்ஸுக்கு ஒத்துக்கொண்டார், வால்வு விலையைக் கறாராகக் குறைத்த பிறகு. இப்போது மாட்டிக்கொண்டிருப்பது ரோலரில். பிறப்பிடச் சான்றிதழுக்குச் செலவுக் கணக்கு வேண்டும், அது ரோலர் செய்பவரிடம் இருக்கிறது. "என் ரப்பர் எங்கே வாங்குகிறேன், என்ன விலை என்று உன் முதலாளிக்குத் தெரிந்தால் அடுத்த தடவை என் விலையை அடிப்பார்" என்று தர மறுக்கிறார். அவர் பயமும் நியாயம்தான். என்ன செய்ய?

பதில்: பழைய ஜி கார்டு

அவரிடமிருந்து விலைவாரியான கணக்கை நீங்கள் வாங்கவே வேண்டாம். ரோலரின் எண், வெளிநாட்டு ரப்பரோ இரசாயனமோ சேர்ந்தால் அதன் தலைப்பு, மொத்தத்தில் அது எத்தனை விழுக்காடு, எந்த ஊர் ஆலையில் செய்தது என்று அவர் கம்பெனித் தாளில் ஓர் உறுதிமொழி கேளுங்கள். உள்விவரத்தைச் சான்றிதழ் வழங்கும் அமைப்பிடம் அவரே நேரடியாகக் கொடுக்கலாமா என்று அங்கே விசாரியுங்கள். அதற்கும் மாட்டேன் என்றால், அடுத்த கொள்முதல் ஆர்டரிலேயே இந்த உறுதிமொழி ஒரு நிபந்தனை என்று எழுதிவிட்டு, இந்தத் தடவை ரோலரைச் சான்றிதழ் இல்லாமல் அனுப்புங்கள். பொலன்னறுவைக்காரரிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.